ஜாஸ் வண்டிக்கு பேஸ் பொட்டி: போர்ட்டட்ல ஆரம்பிச்சு சீல்டுல வந்து நின்ன கதை

சிங்கப்பூர்ல என் பழைய ஹோண்டா ஜாஸுக்கு சிஓஇ-ய (வண்டி வச்சிருக்குறதுக்கான உரிமைச் சீட்டு) அஞ்சு வருஷத்துக்கு ரினியூ பண்ணியாச்சு, அதுக்கப்புறம் ஸ்க்ராப்தான், ஆனா அந்த அஞ்சு வருஷமும் இந்த வண்டியிலதான் ஈசூனுக்கும் ஆபீஸுக்கும் அலையணும்னு ஆனதும் சவுண்டுல கொஞ்சம் காசு போட்டா என்னன்னு தோணிச்சு. நான் கார் ஆடியோ ஆளு கிடையாது, வேலை ஏர்கான் மெயின்டனன்ஸ், டக்ட், ஃபேன், காத்து எங்க லீக் ஆகுதுன்னு தேடுறது இதான் பொழப்பு. அந்தப் பொழப்பு இதுல இவ்வளவு உதவும்னு அப்போ தெரியாது.

மொத தப்பு என்னன்னா ஸ்பீக்கர் உக்கார்ற பொட்டிய பத்தி யோசிக்கவே இல்ல. வாட் எவ்வளவு, ஸ்பீக்கர் எத்தனை இன்ச், இது ரெண்டுதான் மண்டையில. செகண்ட் ஹேண்ட்ல ஒருத்தர் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸுக்குன்னே, அதாவது கீழ் சத்தத்துக்குன்னே இருக்குற ஸ்பீக்கர்), முன்னாடி ஸ்லாட் போர்ட் (காத்து போய் வர்ற நீள ஓட்டை) வச்ச ரெடிமேட் பொட்டி, ஆம்ப், வயரு எல்லாம் சேர்த்து குடுத்தாரு. என் ஜாஸ் பூட்டுல, அதாவது டிக்கியில, அத வச்சதும் மிச்சம் இருந்த இடத்துல ஒரு அரிசி மூட்டை நிக்கும், படுக்காது. வீட்டுக்காரம்மா பாத்துட்டு "என்னங்க இது, ஃப்ரிட்ஜா?"ன்னு மட்டும் கேட்டுட்டு போயிட்டாங்க, அந்த டோன் உங்களுக்குப் புரியும்னு நெனைக்கிறேன்.

மல்டி ஸ்டோரி கார்பார்க்ல லெவல் ஃபைவ்ல மொத மொதல்ல போட்டப்ப பக்கத்து லாட் வண்டி அலாரம் கத்திருச்சு, நான் சந்தோஷத்துல மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ் வேற அனுப்பிச்சேன். அந்த சந்தோஷம் பத்து நாளு. எஸ்எல்இ எக்ஸ்ப்ரஸ்வேல ஒருநா அப்பா பின் சீட்டுல, ஒலி 968 ரேடியோவுல நாதஸ்வரம் போயிட்டு இருக்கு, அவரு கொஞ்ச நேரம் கேட்டுட்டு "என்னடா இது, தவில்ல தொப்பி மட்டும்தான் பேசுது, அதுவும் ஒரே சொல்ல திரும்பத் திரும்ப சொல்லுது"ன்னாரு. தொப்பின்னா தவிலோட கீழ் சத்தப் பக்கம். அப்புறம் "டயர்ல ஏதாச்சும் மாட்டிக்கிச்சா பாரு"ன்னு வேற.

கோவம் வந்துச்சு, ஆனா அடுத்த நாள் தனியா கேட்டப்ப அவரு சொன்னது அப்படியே காதுல விழுது. எண்பதுகள் பாட்டுல பேஸ் கிட்டார் மேல ஏறி கீழ இறங்கி ஒரு ஓட்டம் ஓடும்ல, அது இந்தப் பொட்டியில ஓடல. சில நோட்டு மட்டும் "பூம்"னு குதிக்குது, மத்ததெல்லாம் காணோம். பறையும் டூம், தவிலும் டூம், சிந்தசைசரும் டூம்.

அந்த வார ஞாயித்துக்கிழமை காலையில கார்பார்க் மொட்டை மாடியில யாரும் இல்லாத நேரமா பாத்து போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி ஒரு ஆராய்ச்சி. டிஷ்யூ பேப்பர நீளமா கிழிச்சு போர்ட் வாய்க்கு முன்னாடி செலோடேப்பால தொங்கவிட்டுட்டு 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா இறக்கினேன். 60-ல கோன் (ஸ்பீக்கரோட ஆடுற கூம்பு) நல்லா ஆடுது, டிஷ்யூ லேசா. 50-க்கு வந்தா டிஷ்யூ படபடன்னு அடிக்குது, கோன் ஆட்டம் குறையுது. 47-ல கோன் கிட்டத்தட்ட அசையவே இல்ல, கைய வச்சா லேசா நடுக்கம் அவ்வளவுதான், ஆனா போர்ட்ல இருந்து காத்து ஃபேன் காயில் முன்னாடி நிக்கிற மாதிரி அடிக்குது. அங்கதான் பொட்டியோட ட்யூனிங். போர்ட்டட் பொட்டின்னா காலி பாட்டில் வாயில ஊதுற அதே கதைதான், உள்ள இருக்குற காத்து ஸ்ப்ரிங், குழாய்க்குள்ள இருக்குற காத்து எடை, ரெண்டும் சேர்ந்து ஒரு ஃப்ரீக்வென்சியில ஊஞ்சலாடும், அந்த இடத்துல சத்தத்த போர்ட் குடுக்கும், ஸ்பீக்கர் கோன் ரெஸ்ட் எடுக்கும்.

சரின்னு இன்னும் இறக்கினேன், 35, 30. இப்போ கோன் பைத்தியம் புடிச்ச மாதிரி முன்ன பின்ன தாவுது, சத்தம் மட்டும் இல்ல. வால்யூம உடனே குறைச்சேன். ட்யூனிங்குக்கு கீழ போயிட்டா போர்ட் வெறும் ஓட்டை மாதிரி ஆயிடும், கோனுக்குப் பின்னாடி புடிச்சு நிறுத்துற காத்து இல்ல, அதனாலதான் போர்ட்டட் பொட்டிக்கு சப்சானிக் ஃபில்டர் (ரொம்ப கீழ இருக்குற சத்தத்த வெட்டி விடுறது) கட்டாயம்னு சொல்றாங்க. என் ஆம்ப்ல அது இருந்துச்சு, ஆஃப்ல இருந்துச்சு, வித்தவரும் சொல்லல நானும் பாக்கல.

47 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஏன் என் வண்டியில இப்படி கத்துதுங்கறதுக்கு இன்னொரு காரணம் வண்டியேதான். கார் கேபினுக்குன்னு ஒரு குணம் உண்டு, உள்ள இருக்குற நீளமான அளவு அரை அலைநீளத்த விட சின்னதா ஆகுற இடத்துல இருந்து கீழ போகப் போக சத்தத்த அதுவே தூக்கிவிடும், கேபின் கெய்ன்னு சொல்லுவாங்க. டேஷ்போர்டுல இருந்து பின் கதவு வரைக்கும் டேப் புடிச்சேன், சுமாரா 2.7 மீட்டர். சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர்னு எடுத்தா 343-ஐ 5.4-ஆல வகுத்தா 63 ஹெர்ட்ஸ் கிட்ட வருது. அதுக்குக் கீழ கணக்குப்படி ஒரு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியா குறையுற தூரம்) 12 டெசிபல் வரைக்கும் தூக்கும், நெசத்துல கதவு தகடு ஆடுறது, இடுக்கு வழியா லீக் ஆகுறதுன்னு கொஞ்சம் கம்மியாதான் வரும். இப்போ யோசிங்க, பொட்டி 47-லயும் அதுக்கு மேல கொஞ்ச தூரமும் ஏற்கனவே எகிறுது, அதே இடத்துல காரும் தூக்கிக் குடுக்குது. பேஸ் கிட்டாரோட கடைசி கம்பி 41 ஹெர்ட்ஸ், அது பொட்டி கைவிடுற பக்கத்துல மாட்டிக்கிச்சு. அப்பா சொன்ன "ஒரே சொல்லு" இதான்.

அப்போதான் மொத தடவையா பொட்டி வகைய பத்தி ஒழுங்கா உக்காந்து படிச்சேன். மச்சான் வண்டியில சீட்டுக்கு அடியில வைக்கிற அலுமினிய டைப் இருக்கு, மெலிசா, ஆம்ப் உள்ளேயே. இடத்த அடைக்காது, ஒரு மணி நேர வேலை, ஆனா அதுல கேட்டா மேல் பேஸ் நல்லா இருக்கு, 45-க்கு கீழ போனா முதுகுல மசாஜ் வருது, காதுல ஒண்ணும் வரல. பேண்ட்பாஸ்னு ஒரு வகை, ஸ்பீக்கர் பொட்டிக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், சத்தம் போர்ட் வழியா மட்டும் வரும். கணக்கு கொஞ்சம் பெசகினாலும் போச்சு, ஸ்பீக்கர் அடி வாங்கினா வெளிய தெரியவே தெரியாது, பெருசு வேற. கலர் லைட்டு, கண்ணாடி எல்லாம் போட்டு விக்கிறது பெரும்பாலும் அந்த வகைதான், எனக்கு அத பாத்தாலே ஒரு அலர்ஜி. பொட்டியே இல்லாம பூட்டையே பொட்டியா வைக்கிற முறையும் உண்டு, அது செடான் வண்டிக்கு, ஹேட்ச்பேக்ல பூட்டும் கேபினும் ஒண்ணுதான், முன்பக்க சத்தமும் பின்பக்க சத்தமும் கலந்து அடிச்சுக்கும்.

மிச்சம் ரெண்டு. ஒழுங்கா கணக்கு போட்டு ஒரு போர்ட்டட், இல்லன்னா சீல்டு, அதாவது போர்ட்டே இல்லாம காத்து போகாம முழுசா அடைச்ச பொட்டி.

இங்க ஒண்ணு சொல்லணும், போர்ட்டட் மோசம்னு நான் சொல்ல வரல. நல்லா கீழ ட்யூன் பண்ணின போர்ட்டட் பொட்டி அதே வாட்டுக்கு அதிக சத்தம் குடுக்கும், அதுல சந்தேகமே இல்ல. 12 இன்ச்ச எடுத்துட்டு 10 இன்ச்சுக்கு மாறலாம்னு முடிவு பண்ணி, 45 லிட்டர் பொட்டி, 35 ஹெர்ட்ஸ் ட்யூனிங்னு கணக்கு போட்டேன், 10 சென்டிமீட்டர் உள் அகலம் உள்ள பிவிசி குழாய் வச்சா நீளம் 35 சென்டிமீட்டர் வருது. குழாயும் ஸ்பீக்கரும் அடைக்கிற இடம், மரத்தோட தடிமன் எல்லாம் சேர்த்தா வெளி அளவு 65 லிட்டர் கிட்ட போயிடுது. திரும்பவும் ஃப்ரிட்ஜ். வீட்டுக்காரம்மா ரெண்டாவது தடவை அதே டோன்ல கேட்டா பதில் சொல்ல என்கிட்ட தெம்பு இல்ல.

அப்புறம் வாங்கின 10 இன்ச் ஸ்பீக்கரோட பேப்பர்ல இருந்த நம்பரும் சீல்டு பக்கமே சாஞ்சுது. எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானா ஆடுற ஃப்ரீக்வென்சி) 30 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் 0.53, க்யூடிஎஸ் 0.48 (ரெண்டும் அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு காட்டுற நம்பர்), விஏஎஸ் (கோனோட ஸ்ப்ரிங்குக்கு சமமான காத்து) 35 லிட்டர். இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னா 1961-ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல்னு ஒரு எஞ்சினியர் எழுதின கட்டுரை, எழுபதுகள்ல சிட்னியில ரிச்சர்ட் ஸ்மால் அத இன்னும் விரிச்சாரு, அதனால தீல்-ஸ்மால் அளவுன்னு பேரு. எஃப்எஸ்ஸ க்யூஇஎஸ்ஸால வகுத்தா ஈபிபின்னு ஒரு நம்பர், எனக்கு 57 வந்துச்சு. 50 பக்கம் இருந்தா சீல்டு, 100 பக்கம் போனா போர்ட்டட்னு ஒரு குத்துமதிப்பு, சட்டமெல்லாம் இல்ல.

சீல்டுக்கு எத்தனை லிட்டர்? விஏஎஸ்ஸ பொட்டி லிட்டரால வகுத்து, ஒண்ணு கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால பெருக்கினா க்யூடிசி, அதாவது பொட்டிக்குள்ள போனதுக்கப்புறம் ஸ்பீக்கர் ஆட்டம் எப்படி அடங்குதுங்கற நம்பர். 0.707 வந்தா ரொம்ப சமமா போகும், 1-ஐ தாண்டினா கொஞ்சம் உருண்டையா மேல் பேஸ் தூக்கும், பாக்ஸ் சின்னதா ஆக ஆக அந்த நம்பர் ஏறும். 24.5 லிட்டர் போட்டா எனக்கு 0.75, ரெசனன்ஸ் 47 ஹெர்ட்ஸ். பாத்தீங்களா, அதே 47! பயந்துட்டேன். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. போர்ட்டட் பொட்டி ட்யூனிங்குக்கு கீழ ஆக்டேவுக்கு 24 டெசிபல் விழும், படிக்கட்டுல இருந்து விழுற மாதிரி. சீல்டு ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான், சாய்வுப் பாதை மாதிரி மெதுவா இறங்கும். கார் கேபின் தூக்குறதும் ஏறக்குறைய 12. பொட்டி இறங்குற சரிவும் கார் ஏத்துற சரிவும் ஒண்ண ஒண்ணு கழிச்சுக்குது. பொட்டி கணக்கு போடுற வின்ஐஎஸ்டி ப்ரோக்ராம்ல வரைஞ்சு பாத்தப்ப சீல்டு கோடு சோகமா இறங்குறத பாத்து மனசு விட்டுராதீங்க, அதுக்கு நீங்க கார்ல உக்காந்திருக்கீங்கன்னு தெரியாது.

வெளி அளவு 40க்கு 36க்கு 26 சென்டிமீட்டர், 18 மில்லி எம்டிஎஃப் (மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை). எச்டிபி அடுக்குமாடி வீட்டுல ரம்பம் போட்டா கீழ் வீட்டு அங்கிள் மேல வந்துருவாரு, அதனால சுங்கை காடுட்ல ஒரு மரக்கடையில லிஸ்ட்ட குடுத்து வெட்ட சொன்னேன். முன்னுக்கும் பின்னுக்கும் 40க்கு 36 ரெண்டு, சைடுக்கு 36க்கு 22.4 ரெண்டு, மேல கீழ 36.4க்கு 22.4 ரெண்டு. தவ்கே (கடை முதலாளி) வெட்டிக் குடுத்தத வீட்டுக்கு கொண்டாந்து டேப் வச்சா நாலு துண்டும் 22.0. அவரு மேல தப்பில்ல, என் பேப்பர பாத்தா நான் போட்ட 4 அவ்வளவு அழகா 0 மாதிரி இருக்கு, மக கூட "அப்பா இது ஸீரோதானே"ன்னா. திரும்பிப் போக சோம்பேறித்தனம், கணக்கு போட்டேன், அரை லிட்டர் குறையுது, க்யூடிசி 0.748-ல இருந்து 0.753. விடு! இதே போர்ட்டட்டா இருந்திருந்தா பொட்டியும் மாறி குழாயும் மாறி ட்யூனிங் நகர்ந்திருக்கும். மொத தடவை பொட்டி செய்யிற கைக்கு சீல்டு மன்னிக்கும்னு இதத்தான் சொல்றாங்க போல.

ஸ்பீக்கர் ஓட்டைய மட்டும் மச்சான் ஜிக்ஸா கொண்டாந்து வெட்டிக் குடுத்தான், "மச்சான் பென்சில் கோட்டுக்கு உள்ள வெட்டவா வெளிய வெட்டவா"ன்னு கேட்டவன் பதில் சொல்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டான். கோணலா வந்துச்சு, ஸ்பீக்கர் ரிம் மறைச்சிருச்சு. வெள்ளை கம் போட்டு, ஸ்க்ரூவுக்கு மொதல்ல சின்ன ட்ரில் போட்டு, ஏன்னா எம்டிஎஃப் ஓரத்துல நேரடியா ஸ்க்ரூ விட்டா ஏடு ஏடா பிரிஞ்சிரும், ராத்திரி பூரா க்ளாம்ப்ல. உள்பக்க மூலை எல்லாத்துக்கும் விரலால கம் தடவினேன். வெட்டின ஓரத்துக்கு ரெண்டு கோட் சீலர், நம்ம ஊரு ஈரத்துக்கு எம்டிஎஃப் ஓரம் பிஸ்கட் டீ குடிக்கிற மாதிரி உறிஞ்சி ஊதிடும், பூட் ரப்பர் வேற பழசு.

டெர்மினல் கப் (பொட்டியில வயரு மாட்டுற கிண்ணம்) போட்டு, ஸ்பீக்கர மாட்டி, வீட்டு ஹால்லயே சின்ன ஆம்ப்ல போட்டுப் பாத்தா, 40 ஹெர்ட்ஸ்ல எங்கயோ "புஸ் புஸ்"னு பல்லு போன ஆளு பேசுற மாதிரி. சீல்டு பொட்டியில லீக்! இங்கதான் நம்ம பொழப்பு. சாமி ரூம்ல இருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துட்டு வந்து பத்த வச்சு, 30 ஹெர்ட்ஸ் மெதுவா ஓடவிட்டு, புகைய ஒவ்வொரு மூட்டுலயும் காட்டிக்கிட்டே போனேன். மூட்டுல எல்லாம் புகை நேரா ஏறுது. டெர்மினல் கப் கிட்ட வந்ததும் புகை நூல் துடிக்குது, உள்ள இழுக்குது வெளிய தள்ளுது, உள்ள இழுக்குது வெளிய தள்ளுது, அவ்வளவு தெளிவா. கப்புக்கு கீழ கேஸ்கெட் வைக்க மறந்திருக்கேன். கழட்டி சிலிகான் போட்டேன், ஆனா ஸ்பீக்கர உடனே திரும்ப மாட்டல, அந்த வினிகர் வாடை அடிக்கிற வகை சிலிகான் காயிறப்ப விடுற ஆவி ஸ்பீக்கர் ஓர ஃபோமுக்கு ஆகாது, ரெண்டு நாள் பால்கனியில வாய தொறந்து வச்சிருந்தேன். மழைக்கு ஒரு கண்ணு வச்சுக்கிட்டே.

உள்ள பழைய தலகாணி பஞ்சு, பாலியஸ்டர், கொஞ்சம் லூசா. பொட்டி ஸ்பீக்கரோட சேர்த்து 14 கிலோ, பழசுல பாதி. பூட்டுல இடது ஓரமா சீட்டுக்கு முதுக ஒட்டி உக்காந்திருச்சு, ஸ்ட்ராப் போட்டு கட்டியிருக்கேன், இறுக்கி கட்டாம விட்ராதீங்க, சடன் பிரேக் போட்டா 14 கிலோ பின் சீட்டுக்கு வரும்.

வயரிங்க பத்தி நிறைய எழுத ஒண்ணுமில்ல. பழைய செட்டோட வந்த வயர சீவிப் பாத்தா உள்ள வெள்ளையா அலுமினியம், மேல செம்பு பூச்சு, அதத் தூக்கிப் போட்டுட்டு முழு செம்பு 4 கேஜ், பேட்டரி பக்கத்துலயே 30 ஆம்பியர் ஃப்யூஸ், கிரவுண்டுக்கு பெயிண்ட்ட சுரண்டி பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும். ஆம்ப்போட கெய்ன் (எவ்வளவு பெருக்கணும்ங்கற திருகு) செட் பண்றதுதான் எல்லாரும் காதால பண்ணி கெடுக்குற இடம். அந்த பழைய ஆம்ப் 4 ஓமுக்கு 250 வாட், ரெண்டையும் பெருக்கினா 1000, வர்க்கமூலம் 31.6. ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு, பேஸ் பூஸ்ட்ட ஸீரோ ஆக்கிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன வழக்கமா கேக்குற உச்ச வால்யூம்ல போட்டு, ஆம்ப் வாயில மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு 31 வர்ற வரைக்கும் மட்டும் கெய்ன திருப்பி, அங்க ஒரு புள்ளி மார்க்கர் வச்சுட்டேன். மச்சான் கை அங்க போகும்னு தெரியும். லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதுக்கு மேல இருக்குற சத்தத்த சப்வூஃபருக்கு விடாம குறைக்கிறது. ஃபேஸ் சுவிட்ச்ச (கோன் முன்ன போறத பின்னன்னு திருப்பி விடுறது) 180-க்கு தட்டினதும் 80 பக்கம் இருந்த பள்ளம் நெறைஞ்சு பேஸ் பூட்டுல இருந்து வர்ற மாதிரி இல்லாம டேஷ்போர்டுல இருந்து வர்ற மாதிரி ஆயிடுச்சு, இந்த ஒரு தட்டுக்கு காசே இல்ல.

கேட்டா எப்படி? மொத ரெண்டு நாள் ஏமாற்றம்தான், மறைக்க மாட்டேன். பழைய அடி இல்ல, அலாரம் கத்தல, நெஞ்சுல குத்தல. மூணாவது நாள் உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல மலேசியா பக்கம் ஜேபி (ஜொகூர் பாரு) போற ஜாம், ஒன்றரை மணி நேரம் எஞ்சின் ஓடிக்கிட்டு நகராம நிக்குது, எண்பதுகள் பாட்டா போட்டுக்கிட்டு வர்றேன், ஒரு சரணத்துக்கு முன்னாடி பேஸ் கிட்டார் படி படியா இறங்கி கடைசியில கீழ் கம்பியில போய் உக்காருது, ஒவ்வொரு படியும் ஒரே உயரத்துல. இத்தனை வருஷமா கேட்ட பாட்டு, அங்க ஒரு இறக்கம் இருக்குன்னே தெரியாது. திரும்ப போட்டேன், வீட்டுக்காரம்மா "இப்பத்தானே கேட்டீங்க"ன்னாங்க. போன் ஆப்ல பாத்தப்பவும் 30-ல இருந்து 80 வரைக்கும் முன்ன இருந்த மலையும் பள்ளமும் இல்ல, போன் மைக்க அவ்வளவு கீழ நம்பக்கூடாதுதான், ஆனா ரெண்டு பொட்டிக்கும் அதே போன் அதே இடம்கறதால ஒப்பிட்டுக்கலாம்.

ஹிப் ஹாப், கானா டெக்னோ மாதிரி கேக்குற ஆளுங்க, வண்டி பூட்ட வேற எதுக்கும் தேவைப்படாதவங்க, 33, 35-க்கு ட்யூன் பண்ணின போர்ட்டட் போடுங்க, என் பேச்ச கேக்காதீங்க. ரெடிமேட் பொட்டி வாங்கினா டிஷ்யூ பேப்பர் ஒண்ண பாக்கெட்டுல வச்சுக்கிட்டு போங்க.

பழைய 12 இன்ச் பொட்டி இப்போ மச்சான் செடான்ல. சப்சானிக் ஃபில்டர ஆன் பண்ணி ஒரு ஆம்பும் போட்டுக் குடுத்தேன், அவனுக்கு அது புடிச்சிருக்கு. என் வண்டியில பாக்கி ஒண்ணே ஒண்ணு, 38 ஹெர்ட்ஸ்ல மட்டும் பின் நம்பர் ப்ளேட் கிறுகிறுன்னு அடிக்குது. ஃபெல்ட் டேப் ஒட்டினேன், ரெண்டு வாரத்துல மழையில உரிஞ்சு வந்துருச்சு. வருஷாவருஷ இன்ஸ்பெக்ஷன் அடுத்த மாசம் வருது, அதுக்கு ப்ளேட்ட கழட்டி ரப்பர் வாஷர் போட்டு மாட்டிக்கலாம்னு இருக்கேன். அப்பா போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப பின் சீட்டுல உக்காந்து தவில் முழுசும் கேட்டாரு, ஒண்ணும் சொல்லல, இறங்குறப்ப "டயர மாத்திட்டியா?"ன்னாரு.